லேப் அக்கா அடித்த மணி

பள்ளிக்கூடத்தில் சரியாக ஓடுகிற ஸ்டாப் வாட்ச் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இயற்பியல் ஆய்வகத்து அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி லேப் அக்காவிடம் இருந்தது. பேச்சுப்போட்டிகளுக்கு நேரம் பார்க்கிற வேலை அவள் தலையில் விழுந்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

முதல் தடவை ஓர் ஆசிரியர் வாட்சை இரவல் கேட்டு வந்தபோது, "கொடுத்தா உடைச்சுத்தான் திருப்பித் தருவீங்க. நானே வந்து நேரம் பார்த்துத் தர்றேன்" என்றாள். அன்று தொடங்கிப் பதினோரு வருஷம். காலையில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பாள். அமில பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவாள். போட்டி இருக்கிற நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அரங்கத்துக்குப் போவாள். நடுவர் மேசையின் ஓரத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, முன்னால் உச்சியில் தட்டினால் ஒலிக்கிற மேசை மணி. நாலாவது நிமிஷம் ஒரு தட்டு, ஐந்தாவது நிமிஷம் இரண்டு தட்டு. அதற்கு மேலும் பேசுகிற பிள்ளைக்கு மதிப்பெண் குறையும்.

அவள் மணி யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. ஒரு வருஷம் பள்ளி நிர்வாகியின் பேரன் பேசினான். நிர்வாகியே முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நிமிஷம் டிங் டிங் என்று தட்டிவிட்டு லேப் அக்கா அடுத்த பெயருக்கு நேராகப் பேனாவை வைத்தாள். "அந்தம்மா கையில வாட்சு இல்ல, தராசு இருக்கு" என்று பியூன் சொல்லித் திரிந்தார். அது காதில் விழுந்தபோது அவளுக்கு ரெண்டு நாளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பதினோரு வருஷத்தில் அவள் கேட்ட பேச்சுகள் எத்தனை நூறு இருக்கும்! எந்தப் பிள்ளை எந்த இடத்தில் குரலை ஏற்றினால் நடுவர் நிமிர்ந்து பார்க்கிறார், எந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரம் போட்டால் பேனா எழுதுகிறது, எந்த உருக்கத்துக்குக் கொட்டாவி வருகிறது என்பதெல்லாம் அவளுக்குக் கரதலப் பாடம். நடுவர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தால் மதிப்பெண் தாளும் கொஞ்சம் கண்ணில் படுமே. மேடை ஏறி ஒரு வார்த்தை பேசியறியாதவள், மேடையில் எது செல்லும் எது செல்லாது என்பதில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெரிய கெட்டிக்காரி ஆகிப்போனாள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் அவள் தன் மகளிடம் கொட்டினாள்.

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். மூன்று வயதிலேயே நிறுத்த முடியாமல் பேசிக்கொண்டிருந்ததால் அப்பா வைத்த பெயர். அம்மா எழுதித் தருவாள், மகள் மனப்பாடம் செய்வாள். எங்கே கையை நீட்டுவது, எங்கே ஒரு மூச்சு நிறுத்துவது என்று அம்மா சிவப்பு மையில் குறித்திருப்பாள். ரெண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ரேடியோ வாங்காத முதல் பரிசு இல்லை. கோப்பைகள் ஃபிரிட்ஜ் மேலே நிரம்பி, பீரோ மேலே ஏறி, கடைசியில் இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லாமல் போனது. ஒன்று சொல்ல வேண்டும்: மகள் பேசும்போதுகூட லேப் அக்கா ஒரு நொடி அதிகம் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றும் சொல்லலாம்.

வீடு இரண்டு மாடி. மேலே லேப் அக்கா குடும்பம். கீழே அவள் கொழுந்தன் குடும்பம். கணவர்கள் அண்ணன் தம்பி. அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக், தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவர். தம்பி மனைவி, அதாவது லேப் அக்காவின் ஓரகத்தி, மருந்துக்கடையில் பில் போடுகிறவள், அதிர்ந்து பேசமாட்டாள். அவளுக்கும் ஒரே பெண். ரேடியோவைவிட நாலு மாதம் சின்னவள், ரேடியோவின் வகுப்பிலேயே படித்தாள். கூப்பிட்டால் வாயைத் திறக்காமல், வந்தது தெரியாமல் பக்கத்தில் வந்து நிற்கும் குழந்தை. அதனால் அவளுக்குப் பூனை என்று பெயர்.

ரேடியோ மாடியில் பேசிப் பழகும்போதெல்லாம் பூனை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ரேடியோ எங்காவது வரி மறந்து நின்றால் படியிலிருந்து மெல்லிய குரலில் அடுத்த வரி வரும். "பாரு, இதுக்குக்கூட மனப்பாடம் ஆயிருச்சு" என்று லேப் அக்கா சிரிப்பாள். அந்தக் குழந்தையின் மேல் அவளுக்கு அப்போது பிரியம்தான். எதுவும் கேட்காத, எதற்கும் போட்டிக்கு வராத பிள்ளையின் மேல் யாருக்குப் பிரியம் வராது?

ஒன்பதாம் வகுப்பில் எல்லாம் தலைகீழானது.

சமூக அறிவியலுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். வந்த வருஷமே பேச்சுப்போட்டியோடு விவாதப் போட்டி என்று ஒன்றைச் சேர்த்தார். அதில் தலைப்பை முன்கூட்டியே சொல்வதில்லை. அரை மணிக்கு முன்னால் சொல்லி, சீட்டுப் போட்டு, ஆதரித்துப் பேசுவதா எதிர்த்துப் பேசுவதா என்று பிரிப்பார்கள். எதிரில் பேசியவர் சொன்னதற்குப் பதில் சொன்னால்தான் மதிப்பெண். எழுதிக் கொடுக்க வழியில்லை, சிவப்பு மைக்கு வேலையில்லை.

முதல் போட்டியில் ஓர் அணியில் ஆள் குறைந்தது. பேர் கொடுத்திருந்த பெண்ணுக்குக் காய்ச்சல். டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டதால் பூனையைக் கூப்பிட்டார்.

அன்று லேப் அக்கா மணியருகே உட்கார்ந்திருந்தாள். ரேடியோ நன்றாகத்தான் தொடங்கினாள். குரல் இருந்தது, நிமிர்வு இருந்தது. ஆனால் எதிரணிப் பெண் ஒரு கேள்வி கேட்டதும், அந்தக் கேள்வி காதிலேயே விழாததுபோல, எப்போதோ மனப்பாடம் செய்த வேறொரு பேச்சின் பத்தியை எடுத்துவிட்டாள். பிறகு பூனை எழுந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கத் தெரியாமல் அண்ணாந்துகொண்டே பேசினாள். "அவங்க மூணு விஷயம் சொன்னாங்க. முதல் விஷயம் சரி, நான் ஒத்துக்கிறேன். ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுக்கொண்ணு முரண்" என்றாள். நடுவர் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அத்தனை வருஷத்தில் மூன்று பேரும் சேர்ந்து நிமிர்ந்து லேப் அக்கா பார்த்ததில்லை.

படியில் உட்கார்ந்து அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பூனை முதலிடம். ரேடியோ மூன்றாமிடம்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி ஒரு இனிப்புப் பெட்டியோடு மாடியேறி வந்தாள். "அக்கா, முதல்ல நீங்க எடுத்துக்கங்க. எல்லாம் நம்ம ரேடியோ பேசக் கேட்டுக் கேட்டு வந்ததுதானே" என்றாள்.

லேப் அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ரொம்ப நல்லாப் பேசினா" என்று சொல்ல நினைத்தாள். "எனக்குச் சர்க்கரை ஆகாது, ஒண்ணு போதும்" என்றுதான் வாயில் வந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

அதற்குப் பிறகு அவள் வயிற்றில் பற்றிக்கொண்டது அணையவே இல்லை. ஓரகத்தி கோப்பையை ஜன்னலோரம் வைத்திருந்தாள். வேறு எங்கே வைக்க, கீழ்வீட்டில் அலமாரி கிடையாது. ஆனால் மாடிப்படி ஏறுகிறவர் கண்ணில் படத்தான் அங்கே வைத்திருக்கிறாள் என்று லேப் அக்காவுக்குப் பட்டது. ஒரு கோப்பை மூன்றாகி, மூன்று ஆறாயிற்று. அவள் படியேறும்போது சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு ஏறப் பழகினாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் நேரே மேலே வந்து, "எங்க நம்ம பேச்சாளினி?" என்பார்கள். இப்போது கீழேயே நின்று பேசுகிறார்கள், மேலே வருவதற்குள் டீ குடித்து முடித்துவிடுகிறார்கள். அவள் கணவன்கூட ஒரு நாள், "தம்பி பொண்ணு என்னமா கேள்வி கேக்குது! நாம பதில் தேடி முழிக்க வேண்டியிருக்கு" என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார். அன்று அவர் தட்டில் கரண்டி விழுந்த சத்தத்தில் அவர் அதற்குமேல் பேசவில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்று. பூனைக்கு ழகரம் வராது. 'வாழ்க்கை' என்பது 'வால்க்கை'யாகத்தான் வரும். 'தமிழ்' என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் நாக்கு எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறும். ரேடியோவின் ழகரமோ கண்ணாடி மேல் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும். லேப் அக்கா மணியருகே உட்கார்ந்து, பூனையின் பேச்சில் எத்தனை ழகரம் தடுக்கி விழுந்தது என்று தன் நேரக் குறிப்புத் தாளின் ஓரத்தில் புள்ளி வைப்பாள். "என்ன பேசி என்ன, உச்சரிப்பு இல்லையே" என்று ஆசிரியர் அறையில் யார் காதிலாவது போட்டு வைப்பாள். பேச்சுப் போகிற போக்கில் சொல்வதுபோலத்தான்.

ரேடியோவுக்கு ரோஷம் வராததுதான் அவளை இன்னும் வதைத்தது. அவளும் பூனையும் முன்னைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டார்கள். மாடிப்படியில் செய்தித்தாளை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒருத்தி ஒரு பக்கம் பேச, இன்னொருத்தி மறுபக்கம் பேச, சிரிப்பும் சண்டையுமாகப் பொழுது போகும்.

"உனக்கு வெக்கமே இல்லையா?" என்றாள் லேப் அக்கா ஒரு நாள். "உன்னைத் தோக்கடிக்கிறவளுக்கு நீயே குறிப்பு எடுத்துக் குடுக்கிறியே."

"அம்மா, அவ பூனைம்மா."

"பூனைன்னா?"

"பூனைன்னா பூனைதான். வேற யாரோவா?" என்று சொல்லிவிட்டு ரேடியோ கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டாள்.

பத்தாம் வகுப்பில் வட்டாரத்துப் பள்ளிகளெல்லாம் சேரும் பெரிய விவாதப் போட்டி வந்தது. பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். தேர்வுச் சுற்றின் கடைசியில் எதிரெதிரே நின்றது ரேடியோவும் பூனையும். தலைப்பு: பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா, வேண்டாமா. ரேடியோவுக்கு 'வேண்டும்' என்று சீட்டு விழுந்தது. அரங்கமே 'வேண்டாம்' பக்கம் இருந்ததால் அவளைப் பார்த்து ஊ என்று கத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே மேடையேறினாள்.

நேரம் பார்க்க வேறு ஆள் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. நடுவருக்குத்தான் சொந்தபந்தம் இருக்கக் கூடாது, மணி அடிப்பவளுக்கு என்ன? அதுவும் லேப் அக்காவுக்கு?

முதலில் பூனை பேசினாள். நாலாவது நிமிஷம் லேப் அக்கா ஒரு தட்டுத் தட்டினாள். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது. பூனை முடிவுரைக்கு வந்தாள். "எழுதி எழுதிக் களைத்த பிறகு ஒரு குழந்தை வாழ்வது எப்பொழுது?" என்றாள்.

ஐந்து ழகரம். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. ஐந்தும் கண்ணாடி மேல் தண்ணீராக ஓடின.

யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று லேப் அக்காவுக்கு ஒரு கணத்தில் புரிந்தது. அது ரேடியோவின் ழகரமேதான். அவளே மடியில் உட்கார வைத்து, நாக்கை மேலே மடக்கு, இன்னும் மேலே என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்த ழகரம். வாட்சில் நாலு நிமிஷம் முப்பத்தைந்து விநாடி. அவள் கை எழுந்து மணியை இரண்டு தட்டுத் தட்டியது.

கை தானாகப் போயிற்று என்று பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தட்டுவதற்கு முன்னால் வாட்சைப் பார்த்தாள், எண்ணைப் படித்தாள், தட்டினாள்.

பூனை ஒரு விநாடி நின்றாள். அவள் கண் பெரியம்மாவின் பக்கம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து ரேடியோ. ஐந்தாவது நிமிஷம் வந்தது, போனது. பேசி முடித்து மணிக்காகக் காத்தவள், மணி வராததைப் பார்த்துவிட்டு இன்னும் ரெண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினாள். ஐந்து நிமிஷம் இருபது விநாடியில் டிங் டிங். ரேடியோ ஒரு மதிப்பெண்ணில் ஜெயித்தாள்.

சந்தோஷம் வரும் என்று லேப் அக்கா காத்திருந்தாள். வரவில்லை. வந்தது ஓரகத்திதான், மறுபடியும் மாடியேறி, மறுபடியும் இனிப்பு. "நம்ம வீட்டுல யாரு போனா என்னக்கா, ரெண்டும் நம்ம பிள்ளைங்கதானே" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று லேப் அக்கா துருவித் துருவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

பூனை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் லேப் அக்கா அந்தக் குழந்தையின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். படியில் எதிர்ப்பட்டால் பூனை வழக்கம்போல ஒதுங்கி நின்று, "போங்க பெரியம்மா" என்பாள். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று தோன்றும். உடனே அந்தப் பெரிய மனசின் மேலும் எரிச்சல் வரும். பேச்சிலும் முந்திவிட்டாள், குணத்திலும் முந்த வேண்டுமா? என் மகளுக்கு அந்த இடத்தையாவது விட்டு வைக்கக் கூடாதா?

எட்டாம் நாள் மதிய இடைவேளையில் ரேடியோ ஆய்வகத்துக்கு வந்தாள். லேப் அக்கா பிப்பெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ கையில் சமூக அறிவியல் டீச்சரின் போன் இருந்தது. பெரிய போட்டிக்குத் தயாராக, தன் குறைகளைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று டீச்சர் தேர்வுச் சுற்றைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனி வீடியோ. கீழே நேரம் ஓடுகிறது.

ரேடியோ போனை மேசை மேல் வைத்தாள். "நாலு முப்பத்தஞ்சு" என்றாள். "எனக்கு அஞ்சு இருபது."

"பழைய வாட்ச்சுடி. பட்டன் சிக்குது" என்றாள் லேப் அக்கா, பிப்பெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரேடியோ அலமாரியைத் திறந்து வாட்சை எடுத்தாள். அழுத்தினாள், நிறுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள், நிறுத்தினாள். மூன்று தரம்.

"சிக்கலையேம்மா."

"எல்லாம் உனக்காகத்தானே..."

"நான் எப்பம்மா கேட்டேன்?" ரேடியோ வாட்சைத் திரும்ப அலமாரியில் வைத்துச் சாத்தினாள். பிறகு, "எனக்கு மேடையில நிக்கவே இப்பல்லாம் அவ்வளவாப் பிடிக்கலம்மா. குறிப்பு எடுக்கத்தான் பிடிச்சிருக்கு. உனக்கு மனசு கஷ்டமாயிருக்கும்னு சொல்லல. நான் போட்டிக்குப் போகல. ஏன் போகலன்னு நீயே டீச்சர்கிட்ட சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள்.

லேப் அக்கா அன்றே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். சமூக அறிவியல் டீச்சரும் இருந்தார். நேரம் தப்பாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள்.

"அட, இதுக்கா இப்படி முகம் வெளிறிப் போச்சு!" என்றார் தலைமையாசிரியை. "கவனம் தப்பியிருக்கும். மனுஷங்கதானே. மறதி யாருக்கும் வரும்."

அங்கேயே விட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் 'மறதி' என்ற சொல் அவளைக் குத்தியது. பதினோரு வருஷத்தில் அவள் ஒரு மணியைக்கூடத் தப்பாகத் தட்டியதில்லை. பொறாமைக்காரி என்றால் தாங்கிக்கொள்ளலாம். நேரம் பார்க்கத் தெரியாதவள் என்றால் தாங்க முடியாது.

"மறதி இல்ல மேடம். வேணும்னேதான் அடிச்சேன்" என்றாள்.

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு, இனி எந்தப் போட்டிக்கும் நேரம் பார்க்கக் கூடாது என்ற உத்தரவு, இரண்டும் மறுநாள் வந்தன. பெரிய போட்டிக்குப் பூனை போவதென்று முடிவானது.

ஓரகத்திக்கு யாரோ சொல்லித் தெரியக் கூடாது என்று, அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் அவளே சொன்னாள். ஓரகத்தி கடைசித் துணியையும் எடுத்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து லேப் அக்கா அன்றுதான் கேட்டாள்.

"ஏழு வருஷம்! ஏழு வருஷம் மேல இருந்து கைதட்டுற சத்தம் வரும். நான் கீழ உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். என் பிள்ளை படியில ஒண்டிக்கிட்டு இருக்கும். எனக்கு வயிறு எரியலைன்னா நினைச்சீங்க? எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுது. எரிஞ்சுதுன்னு நீங்க குளிக்கும்போது தண்ணிக் குழாயை மூடினேனா? இனிப்பு வாங்கிக்கிட்டு மேல வந்தேன். ஒவ்வொரு தடவையும் படியேற எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அப்படியும் வந்தேன்ல?"

லேப் அக்கா கொடியில் மீதியிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"அவ உங்களைப் பெரியம்மான்னு கூப்பிடுறா" என்றாள் ஓரகத்தி. துணிகளை வாரிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பெரிய போட்டியில் பூனை ஜெயிக்கவில்லை. நாலாவது இடம். செய்தி வந்ததும் லேப் அக்காவுக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்ற நிம்மதி. அடுத்துத்தான் வெட்கம் வந்தது. இந்த நெருப்பு ஒப்புக்கொண்டதால் அணைந்துவிடுகிற ஜாதி இல்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

ஓரகத்தி பல மாதம் பேசவில்லை. எதிரே வந்தால் வழிவிடுவாள், அவ்வளவுதான். 'அக்கா' என்ற சொல் அந்த வீட்டில் கேட்காமல் போனது. கணவர்கள் இருவரும் ஒன்றும் தெரியாத பாப்பாக்கள் மாதிரி வேலைக்குப் போய்வந்தார்கள். விடுமுறை வந்தது, பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனார்கள். போட்டி நடக்கும் நாட்களில் லேப் அக்கா ஆய்வகத்திலேயே இருந்துகொண்டாள். அரங்கத்திலிருந்து வருகிற மணிச் சத்தத்தை வைத்து, அவள் இடத்துக்கு வந்த உடற்கல்வி ஆசிரியர் எத்தனை விநாடி தப்பாக அடிக்கிறார் என்று மனசுக்குள் கணக்குப் போடுவாள். நிறையத் தப்பாகத்தான் அடித்தார்.

அந்த வருஷம் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் பூனை தேர்வானாள். கூட ஒரு வீட்டுப் பெரியவர் போக வேண்டும் என்பது விதி. கொழுந்தன் சரக்கு ஏற்றிக்கொண்டு நாலு நாள் பயணத்தில் இருந்தார். ஓரகத்திக்கு மருந்துக்கடையில் இருப்புக் கணக்கெடுக்கும் நாள், விடுப்பு கிடையாது. அவள் மாடியேறி வந்து, வாசலிலேயே நின்று, படிவத்தை நீட்டினாள்.

"பூனைதான் உங்களைக் கூப்பிடச் சொன்னா. நான் சொல்லல" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "காலையில ஏழு மணிக்குப் பஸ்" என்றாள்.

பஸ்ஸில் பூனை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. லேப் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

"அன்னிக்கு நான் வேணும்னேதான் மணி அடிச்சேன், உனக்குத் தெரியும்ல?" என்றாள்.

"ம். ரேடியோ சொன்னா."

"ரேடியோ சொல்லித்தான் தெரியுமா? அப்ப, அடிச்சவுடனே என்னைப் பார்த்தியே?"

பூனை வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அந்த இடத்தோட முடிவுரை மறந்து போச்சு பெரியம்மா. ழ எல்லாம் சரியா வந்துருச்சேன்னு ஒரு சந்தோஷம், அதுல அடுத்தது என்னன்னே வரல. என்ன பண்றதுன்னு முழிச்சேன். அப்ப நீங்க மணி அடிச்சீங்களா, தப்பிச்சோம்டான்னு உங்களைப் பார்த்தேன்."

லேப் அக்கா அவளையே பார்த்தாள். ஒரு வாரம் முழுக்க அந்தப் பெரிய மனசை நினைத்து நினைத்து வெந்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பூனையும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நிஜமாத்தான் சொல்றியா, என்னைச் சமாதானம் பண்றியா?"

"நிஜம் பெரியம்மா. ஆனா அதுக்காக நீங்க பண்ணது சரியாயிடாது" என்றாள் பூனை. அதுவும் சரியாகத்தான் இருந்தது.

போட்டி நடந்த அரங்கத்தில் லேப் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பூனை மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு பேசினாள். நன்றாகப் பேசினாள். எதிரே நின்ற பையன் அடுக்கிய வாதங்களில் ஒரு செங்கல்லை மட்டும் உருவினாள், மீதி தானாகச் சரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "யாரு பொண்ணு இது? என்னமாப் பேசுது!" என்றாள். லேப் அக்காவுக்கு வயிற்றில் பழையபடி சுரீர் என்றது. இது என் மகளாக இருந்திருக்கலாமே என்ற அதே நினைப்பு. எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தபடியே இருந்தாள். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள். பேச்சு முடிந்ததும் கைதட்டினாள். அவ்வளவு லேசாக இல்லை, ஆனாலும் தட்டினாள்.

முடிவு அறிவித்ததும் அரங்கத்துக்கு வெளியே வந்து ஓரகத்திக்குப் போன் போட்டாள். மருந்துக்கடைச் சத்தத்துக்கு நடுவே, "என்ன ஆச்சு?" என்றது குரல்.

"ரெண்டாவது. முதலாவது வந்திருக்கணும். மூணு நடுவர்ல ஒருத்தர் பாதி நேரம் தூங்கினாரு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கு வந்த கோவத்துக்குப் போய் எழுப்பி விட்டிருப்பேன்."

அந்தப் பக்கம் யாரோ மாத்திரை கேட்பதும், ஓரகத்தி, "ஒரு நிமிஷம் இருங்க" என்று அவரிடம் சொல்வதும் கேட்டது.

"சரிக்கா" என்றாள் ஓரகத்தி. "பிள்ளைக்கு ஏதாவது சாப்பிட வாங்கிக் குடுத்துக் கூட்டிக்கிட்டு வாங்க. பசிச்சாலும் வாயைத் திறந்து கேக்கமாட்டா."